சட்டமன்றச் சொற்களும் ஊராட்சி உறுப்பினரும்

(ஊராட்சி உறுப்பினர் பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இம்முகாமின் நிகழ்ச்சி நிரலில் எனக்கு அளிக்கப்பட்டுள்ள பொருள் "சட்டமன்ற நடைமுறைச் சொற்கள்" என்பதாகும். ஏரி, சாலை, குடிநீர் என்று பேச வேண்டிய இடத்தில் சட்டமன்றச் சொற்கள் எதற்கு என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். அவ்வாறு எண்ணுவது இயல்பே. ஆயினும், ஏரி மதகும் சாலையும் குடிநீரும் சில சொற்களின் வழியாகவே ஊருக்கு வந்து சேர்கின்றன. அச்சொற்களுள் ஒன்றைச் சரியாகப் புரிந்துகொள்ளாமையால் ஓர் ஊரின் மதகு இரண்டாண்டுகள் ஒழுகிக் கிடந்தது. அந்த வரலாற்றையும் இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன். அதில் என் தவறும் உண்டு.

சென்னை செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் கூடும் நம் சட்டமன்றப் பேரவை 234 உறுப்பினர்களைக் கொண்டது. அங்கு நடப்பனவற்றை நாம் நாள்தோறும் செய்தித்தாளில் படிக்கிறோம். வானொலியிலும் தொலைக்காட்சியிலும் கேட்கிறோம். முன்பு சட்டசபை என்றோம், இன்று சட்டமன்றம் என்கிறோம். மந்திரி அமைச்சரானார், சபாநாயகர் பேரவைத் தலைவரானார், மசோதா சட்டமுன்வடிவு ஆயிற்று. இவற்றால் தொல்லை இல்லை. பெயர் மாறினும் பொருள் ஒன்றே. நமக்குத் தொல்லை தருவன வேறு சில சொற்கள். அவை நம் வீட்டிலும் வயலிலும் நாம் அன்றாடம் வழங்கும் சொற்களே. ஆனால் பேரவைக்குள் நுழைந்ததும் வேறு பொருள் கொள்கின்றன. அவற்றுள் முதலாவது "மானியம்".

மானியக் கோரிக்கை

சில ஆண்டுகளுக்கு முன் உழவர் ஒருவர் செய்தித்தாளுடன் என் அலுவலகத்திற்கு வந்தார். "வேளாண்மைத் துறை மானியக் கோரிக்கை நிறைவேறியது" என்று அதில் பெரிய எழுத்தில் இருந்தது. "ஐயா, மானியம் நிறைவேறிவிட்டதாமே, எங்கள் தெளிப்பு நீர்ப் பாசனத்திற்கான பணம் எப்பொழுது வரும்?" என்று கேட்டார். அவர் மீது குற்றமில்லை. நம் பாட்டன்மார் காலத்தில் மானியம் என்றால் கோயிலுக்கோ ஊழியம் செய்வோருக்கோ விடப்பட்ட இறையிலி நிலம். நம் காலத்தில் மானியம் என்றால் உரத்திற்கும் கருவிக்கும் அரசாங்கம் தரும் உதவித்தொகை. பேரவையில் வழங்கும் மானியமோ இவ்விரண்டும் அன்று. ஒரு துறை ஓராண்டுக்குத் தனக்கு வேண்டிய முழுச் செலவுத் தொகையையும் பேரவையிடம் கேட்டுப் பெறுவதே அங்கு மானியம். சம்பளம், கட்டடம், திட்டச் செலவு, உதவித்தொகை ஆகிய யாவும் அதனுள் அடங்கும்.

ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஓர் எண் உண்டு. வேளாண்மைக்குரியது 5, ஊரக வளர்ச்சி மற்றும் ஊராட்சித் துறைக்குரியது 42. நம் ஊராட்சி ஒன்றியத்திற்கு வரும் மாநிலப் பணத்தின் பெரும்பகுதி இந்த 42-ஆம் எண் வாயிலாகப் புறப்படுவது. ஆதலின் அவ்வெண்ணை நீங்கள் நினைவிற்கொள்ளுதல் நலம்.

பணம் நடந்துவரும் வழி யாதெனில், முதலில் நிதியமைச்சர் வரவு செலவுத் திட்டத்தைப் பேரவை முன் வைக்கிறார். இஃது ஆண்டின் வரவும் செலவும் இவ்வளவு என்னும் மதிப்பீடு மட்டுமே. அடுத்து ஒவ்வொரு துறை அமைச்சரும் தம் மானியக் கோரிக்கையை முன்மொழிய, பேரவை விவாதித்து வாக்களிக்கிறது. இறுதியாக, வாக்களிக்கப்பட்ட தொகை அனைத்தையும் ஒன்றுசேர்த்து நிதி ஒதுக்கச் சட்டம் இயற்றப்படுகிறது. அரசமைப்புச் சட்டத்தின் 204-ஆம் கூற்றின்படி, அத்தகைய சட்டமின்றி மாநிலத்தின் தொகுநிதியிலிருந்து பணம் எடுத்தல் ஆகாது. 2021 ஆகஸ்டு 14 அன்று வேளாண்மைக்கெனத் தனி நிதிநிலை அறிக்கை நம் பேரவையில் முதன்முறையாக வைக்கப்பட்டதை அறிவீர்கள். அறிக்கை தனியாயினும், பணம் வரும் வழி மேற்சொன்ன வழியே.

மார்ச்சுத் திங்கள் முடிவதற்குள் இவ்வளவும் நடைபெற இயலாத ஆண்டுகள் உண்டு. பொதுத் தேர்தல் வரும் ஆண்டு அத்தகையது. அப்பொழுது சில மாதச் செலவுக்கு மட்டும் பேரவை முன்கூட்டி இசைவு தரும். இதற்கு முன்பண மானியக் கோரிக்கை என்று பெயர். நடந்துகொண்டிருக்கும் செலவுகள் நின்றுவிடாமல் இருப்பதற்கான ஏற்பாடு இது. அத்தகைய காலத்தில் புதிய பணிகளை உடனே எதிர்பார்த்து ஏமாறுதல் கூடாது.

மானியக் கோரிக்கையின்போது ஒவ்வொரு துறையும் கொள்கை விளக்கக் குறிப்பு என்றொரு நூலை உறுப்பினர்களுக்கு வழங்கும். அரசாங்கத்தின் இணையதளத்தில் அதனை எவரும் விலையின்றிப் பெறலாம். எந்தத் திட்டத்திற்கு எவ்வளவு ஒதுக்கீடு, யார் தகுதியுடையவர் என்பன அதில் உள்ளன. ஆண்டுக்கொரு முறை நம் துறையின் குறிப்பை ஊராட்சி அலுவலகத்தில் ஒருவர் படிக்க, மற்றவர் கேட்டல் பெரும்பயன் தரும்.

வெட்டுத் தீர்மானம்

இரண்டாவதாக ஒரு சொல்லைச் சொல்வேன். ஊராட்சித் தலைவர் ஒருவர் ஒருநாள் மிகுந்த கோபத்துடன் வந்தார். "நம் தொகுதி உறுப்பினர் சாலைக்கான பணத்தை வெட்டச் சொல்லித் தீர்மானம் கொடுத்திருக்கிறாராம். ஊருக்குள் வரட்டும், கேட்கிறேன்" என்றார். செய்தி உண்மையே, அவர் கொண்ட பொருளே தவறு.

அரசமைப்புச் சட்டத்தின் 203-ஆம் கூறு, மானியக் கோரிக்கைக்கு இசையவோ மறுக்கவோ, தொகையைக் குறைத்து இசையவோ பேரவைக்கு அதிகாரம் தருகிறது. கூட்டித் தருக என்று முன்மொழியும் அதிகாரத்தைத் தரவில்லை. செலவுக்கான கோரிக்கை ஆளுநரின் பரிந்துரையுடன் அரசாங்கத்திடமிருந்தே வருதல் வேண்டும். அங்ஙனமாயின், "எங்கள் பகுதிச் சாலை கெட்டுக் கிடக்கிறது, கவனியுங்கள்" என்று சொல்ல விரும்பும் உறுப்பினர் என் செய்வார்? தொகையைக் குறைக்குமாறு ஒரு தீர்மானம் கொடுத்து, அதனைக் காரணமாகக் கொண்டு குறையை எடுத்துரைக்கிறார். நாடாளுமன்ற மரபில் இத்தகைய அடையாள வெட்டு நூறு ரூபாய் மட்டுமே. கோடிக்கணக்கான தொகையில் நூறு ரூபாயைக் குறைப்பதால் சாலை நின்றுவிடாது; நூறு ரூபாய்த் தீர்மானத்தால் சாலையின் குறை பேரவையில் பேசப்படும். ஆகவே நம் தலைவர் கோபித்துக்கொள்ள வேண்டிய செயலன்று அது. நன்றி கூற வேண்டிய செயல். இதனைக் கேட்டபின் அவர் சிரித்துவிட்டு, தம் ஊர்ச் சாலையின் பெயரும் அப்பேச்சில் இடம் பெற்றதா என்று விசாரிக்கச் சென்றார்.

வினாவும் விடையும்

பேரவை கூடும் நாள்களில் முதல் ஒரு மணி நேரம் பெரும்பாலும் வினாக்களுக்கு உரியது. நட்சத்திரக் குறியிட்ட வினாவுக்கு அமைச்சர் வாயால் விடை சொல்லுவார். அதன்மேல் துணை வினாக்கள் எழுப்பலாம். குறியில்லா வினாவுக்கு எழுத்தால் விடை வரும். வினா நேரம் முடிந்தவுடன், முன்னறிவிப்புக்குக் காலம் இல்லாத அவசரச் செய்திகளை உறுப்பினர்கள் எழுப்புவதை நேரமில்லா நேரம் என்பர். அவசரமும் பொதுமுக்கியத்துவமும் வாய்ந்த ஒரு செய்தியின்பால் அமைச்சரின் கவனத்தை ஈர்த்து அவருடைய விளக்கத்தைப் பெறுவது கவன ஈர்ப்பு. அன்றைய அலுவலையே நிறுத்திவைத்து ஒரு பெருநிகழ்ச்சியைப் பற்றிப் பேச வேண்டுமெனக் கோருவது ஒத்திவைப்புத் தீர்மானம். இவையனைத்தும் கேட்பதற்கும் எடுத்துரைப்பதற்கும் ஏற்பட்டவை. இவற்றால் ஒரு காசும் ஒதுக்கப்படுவதில்லை. இதனை மறந்தமையால் நேர்ந்த இடரையே இனிச் சொல்லப் போகிறேன்.

நான் முன்பு பணியாற்றிய ஒன்றியத்தில் ஒரு சிற்றேரி இருந்தது. நாற்பது எக்டேருக்குக் குறைந்த ஆயக்கட்டுடைய ஏரிகள் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பில் உள்ளவை என்பதை அறிவீர்கள்; இதுவும் அத்தகையதே. அதன் மதகு பழுதுற்று, அடைத்தாலும் நீர் ஒழுகிக்கொண்டிருந்தது. தலைமடை வயல்களில் வேண்டாத காலத்தில் நீர் தேங்கும். கடைமடைக்கு வேண்டிய காலத்தில் நீர் எட்டாது. ஊரார் தொகுதி உறுப்பினரிடம் முறையிட்டனர். அவரும் பொறுப்புடன் பேரவையில் வினா எழுப்பினார். "மதிப்பீடு பெறப்பட்டவுடன் பரிசீலிக்கப்படும்" என்று விடை கிடைத்தது.

மறுநாள் ஊரில் வெடி வெடித்தனர்; இனிப்பு வழங்கினர். சட்டமன்றத்திலேயே சொல்லிவிட்டார்கள், இனி மதகு வந்துவிடும் என்று ஊரார் நம்பினர். மதிப்பீட்டை அரசாங்கம் தானே போட்டுக்கொள்ளும் என்று அவர்கள் எண்ணினர். ஊரிலிருந்து தீர்மானம் வரட்டும் என்று ஒன்றிய அலுவலகத்தில் இருந்த நாங்கள் எண்ணினோம். "பரிசீலிக்கப்படும்" என்ற சொல் எல்லார் காதிலும் விழுந்தது. "மதிப்பீடு பெறப்பட்டவுடன்" என்ற முன்சொல் ஒருவர் காதிலும் விழவில்லை. அதனைப் படித்து, ஊராரை அழைத்துப் பொருள் சொல்லியிருக்க வேண்டியவன் நான். சொல்லத் தவறினேன்.

இரண்டு சாகுபடி ஆண்டுகள் கழிந்தன. பின்னர், அவ்வூரின் பெண் உறுப்பினர் ஒருவர் அந்த விடையின் நகலைத் தேடிப் பெற்று, கிராம சபையில் எழுந்து ஒவ்வொரு சொல்லாகப் படித்துக் காட்டினார். "நம்மிடம் மதிப்பீட்டைக் கேட்டிருக்கிறார்கள், நாம் கொடுக்கவில்லை. பிறகு யாரை நோவது?" என்று கேட்டார். அன்றே தீர்மானம் எழுதப்பட்டது. பொறியாளர் வந்து அளந்து மதிப்பீடு தயாரித்தார். அடுத்த நிதியாண்டில் நிர்வாக அனுமதி கிடைத்து மதகு புதுப்பிக்கப்பட்டது. இன்று அங்கு கடைமடை வரை நீர் பாய்கிறது. ஆயினும் அவ்விரண்டாண்டுகளில் விளைச்சலின்றிக் கடன்பட்ட கடைமடை உழவர் ஒருவர் தம் நிலத்தை விற்றுவிட்டு வெளியூர் சென்றார். மதகு திரும்பி வந்தது. அவர் திரும்பி வரவில்லை. அந்த வழியே செல்லும்போதெல்லாம் அவ்வயலைப் பார்க்கிறேன்.

உறுதிமொழியும் அறிவிப்பும்

அமைச்சர் பேரவையில் தரும் வாக்கு காற்றோடு போவதன்று. அதனைக் கண்காணிக்க அரசு உறுதிமொழிக் குழு என ஒரு குழு உண்டு. பேரவை உறுப்பினர்களே அதில் அமைந்து, தந்த உறுதிமொழிகள் நிறைவேறினவா என்று ஆராய்கின்றனர். மாவட்டங்களுக்கும் வந்து பணிகளை நேரிற் பார்வையிடுகின்றனர். நாடாளுமன்ற மக்களவையில் எத்தகைய சொற்றொடர்கள் உறுதிமொழியாகக் கொள்ளத்தக்கவை என்பதற்கு ஒரு பட்டியலே உண்டு. "இப்பொருள் பரிசீலனையில் உள்ளது", "இதனைக் கவனிக்கிறேன்" என்பன போன்றவையும் அதில் இடம் பெறுகின்றன. ஆகவே உங்கள் ஊரைப் பற்றி ஒரு விடை வந்தால், அதன் நாளையும் சொற்களையும் ஊராட்சிப் பதிவேட்டில் எழுதி வையுங்கள். உறுதிமொழிக் குழு மாவட்டத்திற்கு வரும்போது, "இன்ன நாளில் இன்ன விடை தரப்பட்டது" என்று சொல்லக்கூடிய ஊருக்கும், "ஏதோ சொன்னார்கள்" என்று சொல்லும் ஊருக்கும் பெரும் வேறுபாடு உண்டு.

"விதி 110-இன் கீழ் அறிவிப்பு" என்பதை அடிக்கடி கேட்கிறீர்கள். பொதுமுக்கியத்துவம் வாய்ந்த பொருள் பற்றி அமைச்சர் ஒருவர் பேரவையில் அறிக்கை அளிக்கலாம், அவ்வேளையில் அதன்மேல் விவாதம் கூடாது என்பதே அவ்விதியின் சாரம். ஆண்டுக்கு நான்கு நாள்களில் நடந்துவந்த கிராம சபை, ஆறு நாள்களில் நடைபெறும் என 2022 ஏப்ரலில் அறிவிக்கப்பட்டதும் இவ்விதியின் கீழேதான். ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகியவற்றுடன், உலகத் தண்ணீர் நாளாகிய மார்ச்சு 22-உம், உள்ளாட்சி நாளாகிய நவம்பர் 1-உம் சேர்க்கப்பட்டன. இத்தகைய அறிவிப்பு அரசாங்கத்தின் எண்ணத்தைக் காட்டும். அதற்குப் பின் அரசாணை வரவேண்டும். பணம் வேண்டுமெனில் ஒதுக்கீடும் வரவேண்டும். அறிவிப்பைக் கேட்டவுடன், "இதற்கு அரசாணை வந்துவிட்டதா?" என்று கேட்பது மரியாதைக் குறைவாகாது; அது பொறுப்புள்ள கேள்வி.

தீர்மானமும் சட்டமும்

தீர்மானம், சட்டம் என்னும் இரண்டையும் நாம் ஒன்றாகக் கருதிவிடுகிறோம். இவற்றின் வேறுபாட்டை நம் சென்னையின் வரலாறே காட்டும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்கள் 1927-இல் சென்னைச் சட்டமேலவையின் துணைத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவ்வாண்டிலேயே, பெண்களைக் கோயில்களுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை நிறுத்தச் சட்டம் வேண்டும் என்னும் தீர்மானத்தை அவையில் கொண்டுவந்து நிறைவேறச் செய்தார். அவ்வழக்கத்தை முற்றாகத் தடை செய்த சட்டம் வந்ததோ 1947-இல். இடையில் சென்றவை இருபது ஆண்டுகள். தீர்மானம் என்பது அவையின் விருப்பம். அரசாங்கத்திற்கு அவை செய்யும் பரிந்துரை. சட்டம் என்பதே எல்லாரையும் கட்டுப்படுத்துவது. ஆயினும் அத்தீர்மானம் வீண்போகவில்லை. அது வழியைத் திறந்தது. திறந்த வழியில் அவர் ஓயாமல் நடந்தார் என்பதையே நாம் உணர்தல் வேண்டும்.

சட்டம் சட்டமுன்வடிவாகப் பிறக்கிறது. அமைச்சர் கொண்டுவருவது அரசினர் சட்டமுன்வடிவு. அமைச்சரல்லாத உறுப்பினர் கொண்டுவருவது தனி உறுப்பினர் சட்டமுன்வடிவு. அறிமுகம், ஆய்வு, நிறைவேற்றம் என மூன்று நிலைகளை அது கடக்கும். நுணுகி ஆராய வேண்டுமெனில் தெரிவுக் குழுவுக்கு அனுப்பப்படும். பின்னர் ஆளுநரின் இசைவு பெற்று, அரசிதழில் வெளிவந்து சட்டமாகும். உள்ளாட்சி அமைப்புகளில் பெண்களுக்கு ஐம்பது விழுக்காடு இடம் ஒதுக்கும் திருத்தம் நம் பேரவையில் 2016-இல் நிறைவேறியது. அதன்படி ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்தது 2019 டிசம்பரில். நாம் மேலே கண்ட மதகை மீட்டவரும் ஒரு பெண் உறுப்பினரே.

இன்னொரு குழப்பத்தையும் நீக்கிவிடுகிறேன். "சட்டமன்றம் ஒத்திவைக்கப்பட்டது" என்று கேட்டவுடன் ஆட்சியே போய்விட்டது போலச் சிலர் பேசுகின்றனர். ஒத்திவைத்தல் என்பது பேரவைத் தலைவர் ஒரு கூட்டத்தை நிறுத்தி மறுநாளுக்கோ, தேதி குறிப்பிடாமலோ தள்ளிவைப்பது. கூட்டத்தொடரையே முடித்துவைப்பது ஆளுநரின் ஆணையால் நடப்பது. அதனால் நிலுவையிலுள்ள சட்டமுன்வடிவு மடிந்துவிடாது. கலைத்தல் என்பதே பேரவையின் வாழ்நாளை முடிப்பது. அப்பொழுது பேரவையில் நிலுவையிலுள்ள முன்வடிவுகள் மடிந்துபோம். ஒரு கூட்டத்தொடரின் இறுதிக் கூட்டத்திற்கும் அடுத்த தொடரின் முதற்கூட்டத்திற்கும் இடையே ஆறு மாதம் கழிந்துவிடலாகாது என்று அரசமைப்புச் சட்டம் விதித்துள்ளது.

மனுக்கள் குழு

பேரவையின் கதவு உறுப்பினர்களுக்கு மட்டுமே திறந்திருப்பதாக எண்ண வேண்டா. பொதுமக்கள் நேரடியாக அணுகக்கூடிய வாயில் ஒன்று உண்டு. அதுவே மனுக்கள் குழு. இக்குழு மாவட்டங்களுக்கு வருவதற்கு முன், மனு அனுப்புமாறு மாவட்ட ஆட்சியர் வாயிலாகச் செய்தி வெளியிடப்படும். மனு தமிழில் எழுதப்பட்டு, ஐந்து படிகளாக அனுப்பப்படுதல் வேண்டும். பல ஆண்டுகளாகத் தீராத பொதுப் பிரச்சினையாக இருத்தல் வேண்டும். ஒரு மனுவில் ஒரு பிரச்சினை மட்டுமே, அதுவும் ஒரு துறையைச் சார்ந்ததாக இருத்தல் வேண்டும். நீதிமன்றத்தில் உள்ள வழக்கு, தனி ஒருவரின் குறை, வேலை வேண்டுதல், பட்டா, முதியோர் ஓய்வூதியம், வங்கிக் கடன் ஆகியவற்றை இதில் கேட்டல் ஆகாது. அவற்றுக்கு வேறு அலுவலகங்கள் உள்ளன.

சாலை, குடிநீர், பள்ளிச் சுவர், சுடுகாட்டுப் பாதை என எட்டுக் குறைகளை ஒரே தாளில் எழுதி அனுப்புவது நம்மிடையே பெருவழக்காக இருக்கிறது. எட்டுத் துறைக்குரிய தாளை எந்தத் துறையும் தன்னுடையதாக ஏற்காது. எட்டுக் குறைக்கு எட்டு மனுக்கள் எழுதுங்கள். தாள் அதிகமாகும், ஆனால் ஒவ்வொரு தாளும் தனக்குரிய இடத்தை அடையும்.

நம் கிராம சபை

இறுதியாக, இச்சொற்களுள் சில நம் ஊரிலும் வாழ்பவை என்பதைச் சொல்லி முடிக்கிறேன். அவற்றுள் ஒன்று குறைவெண். ஓர் அவை செல்லத்தக்கவாறு நடைபெற வேண்டுமாயின், குறைந்த அளவு இத்தனை பேர் இருந்தாக வேண்டும் என்பதே அதன் பொருள். சட்டமன்றத்திற்கு அது பத்து அல்லது மொத்த உறுப்பினரில் பத்தில் ஒரு பங்கு, இவற்றுள் எது மிகுதியோ அது. நம் பேரவைக்கு 24 ஆகும். கிராம சபைக்கோ மக்கள்தொகையைப் பொறுத்து அது வகுக்கப்பட்டுள்ளது: 500 வரை மக்களுள்ள ஊராட்சிக்கு 50 பேர், 501 முதல் 3,000 வரை 100 பேர், 3,001 முதல் 10,000 வரை 200 பேர், அதற்கு மேற்பட்டால் 300 பேர். இதனைப் பாருங்கள்: 234 பேர் கொண்ட பேரவை 24 பேருடன் நடைபெறலாம், மூவாயிரம் பேருள்ள நம் ஊரின் சபைக்கு நூறு பேர் வேண்டும். மக்கள் தாமே வந்து அமரும் அவை என்பதால்தான் சட்டம் இவ்வளவு பேரைக் கேட்கிறது. வீடு வீடாகக் கையொப்பம் வாங்கிக் குறைவெண்ணை நிரப்புவது, அந்த அவையை நாமே இல்லையென ஆக்குவதாகும்.

மற்றொன்று அவைக்குறிப்பு. பேரவையில் பேசப்படும் ஒவ்வொரு சொல்லும் எழுதப்படுகிறது. தகாத சொல்லைப் பேரவைத் தலைவர் அவைக்குறிப்பிலிருந்து நீக்குவதும் இதனாலேயே. எழுதப்பட்டது நிலைத்துவிடும் என்பதே காரணம். நம் கிராம சபையில் பேசுவோர் பலர்; எழுதுவது குறைவு. கூட்டம் கலையுமுன் தீர்மானப் பதிவேட்டை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். நீங்கள் சொன்னது உள்ளதா என்று கேளுங்கள், பிறகு கையொப்பமிடுங்கள். வெற்றுத்தாளில் ஒருபோதும் கையொப்பமிடாதீர்கள்.

தீர்மானத்தை எழுதும் முறையும் அவ்வாறே. "ஏரியைச் சீர்செய்ய வேண்டும்" என்பது விருப்பம். "இன்ன புல எண்ணிலுள்ள ஏரியின் தெற்கு மதகு இத்தனை ஆண்டுகளாகப் பழுதுற்றுள்ளது, இதனால் இத்தனை ஏக்கர் பாதிக்கப்படுகிறது, ஒன்றியப் பொறியாளர் மதிப்பீடு தயாரித்து அளிக்குமாறு இச்சபை கேட்டுக்கொள்கிறது, முன்னேற்றத்தை அடுத்த கிராம சபையில் தெரிவிக்க வேண்டும்" என்பது தீர்மானம். இதில் இடம் உள்ளது, குறை உள்ளது, செய்ய வேண்டியவர் உள்ளார், காலமும் உள்ளது. என் மேசைக்கு வரும் தாள்களில் இவ்வாறு எழுதப்பட்டதை ஒதுக்கிவைக்க என்னால் இயலாது; வேறெந்த அலுவலராலும் இயலாது.

பெருமக்களே, கோட்டையில் வழங்கும் சொற்கள் கற்றவர்க்கு மட்டும் உரியன அல்ல. நீங்கள் அளித்த வாக்கினால் அங்கு சென்றவர்கள், நீங்கள் செலுத்தும் வரியைப் பற்றிப் பேசும் சொற்கள் அவை. ஒரு செய்தியைக் கேட்கும்போது மூன்று கேள்விகளை உங்களுக்குள் கேட்டுக்கொள்ளுங்கள். இது பேச்சா, வாக்குறுதியா, சட்டமா? இதற்குப் பணம் ஒதுக்கப்பட்டுவிட்டதா? இதில் நாம் செய்ய வேண்டியது ஏதேனும் உண்டா? மூன்றாவது கேள்வியை அவ்வூரார் அன்றே கேட்டிருந்தால், நானும் கேட்டிருந்தால், அந்த உழவர் இன்றும் தம் நிலத்தில் ஏர் பூட்டிக்கொண்டிருப்பார்.

இனி நீங்கள் ஐயம் ஏதேனும் கேட்டால், அறிந்த அளவு விடை கூறக் காத்திருக்கிறேன். இங்கு துணை வினாக்களுக்கும் தடையில்லை.